தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பழைய காலைச் சந்தை இருக்கும் இடத்தில் மால் கட்டியிருந்தால் பொருளாதாரம் வளர்ந்திருக்காதா?

நான் கட்டடக் கலைஞன், மால்களும் வரைந்திருக்கிறேன். ஆனாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

வார்விக் சந்திப்பில் 1910இல் தொடங்கிய சந்தை அது. 2009இல் மால் திட்டம் வந்தது, எதிர்ப்பில் நின்றுபோனது. ரயில், பஸ், டாக்சி எல்லாம் மாறும் இடம். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம்மவர்களை, அதாவது இந்திய வம்சாவளியினரை, நகர மையத்திலிருந்து தள்ளியிருக்கும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. தினமும் வண்டி ஏறுகிறவர்களுக்கு, போகிற வழியிலேயே கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் கிடைக்க வேண்டும். ஒரு கட்டுக் கீரை விற்று மால் வாடகை கட்ட முடியுமா, சொல்லுங்கள்?

பக்கத்திலேயே, பாதியில் கைவிட்ட மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தை அமைத்தார்கள். வீணாய்க் கிடந்த கான்கிரீட், நூற்றுக்கணக்கானோருக்குக் கடைத்தெரு! எனக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான்.