டைரக்டரியில் ஃபைல் காணோமா? சில கேள்விகளும் பதில்களும்

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் வந்த கேள்விகளில், டைரக்டரி (ஃபோல்டர்) படிப்பது பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்கள் ஒலிப்புப்படியே இருக்கின்றன. சி எழுதுகிறவர்களுக்குப் பார்த்ததும் பிடிபடும்.

சார், ஆபீஸ் பேக்கப்புக்கு நானே சி-யில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். மூல டிஸ்கில் இல்லாத ஃபைலை பேக்கப்பிலிருந்தும் அழித்துவிடும். போன வாரம் மூலத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும்போதே பேக்கப்பில் ஏராளமான ஃபைல்கள் அழிந்துவிட்டன. எர்ரர் எதுவும் வரவில்லை. (சிப்காட், கடலூர்)

எர்ரர் வந்திருக்கும். உங்கள் புரோகிராம் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டைரக்டரியில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும் ரீட்டிர், நல் பாயிண்டரை, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பைத் திருப்பித் தந்தால் டைரக்டரி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். பாதியில் படிக்க முடியாமல் போனாலும் அதே நல் தான் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வது, பிழை எண்ணை வைத்திருக்கும் எர்னோ மட்டுமே. ரீட்டிரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன்னால் எர்னோவை 0 ஆக்குங்கள். நல் வந்தபிறகு எர்னோ 0 ஆகவே இருந்தால் டைரக்டரி முடிந்தது. வேறு எண் இருந்தால் பிழை. லூப்புக்கு மேலே ஒருமுறை 0 ஆக்கிவிட்டு உள்ளே போனால் போதாது. நடுவில் நீங்கள் கூப்பிடும் ஸ்டாட், பிரிண்ட்எஃப் போன்றவை தங்கள் வேலையை ஒழுங்காக முடித்தாலும் எர்னோவை மாற்றிவிட்டுப் போகலாம். இந்த லூப்பை ஒரே வரி ‘வைல்’ ஆக எழுதிக் காட்டும் பாடக்குறிப்புகளில் முக்கால்வாசி இதைச் சொல்வதே இல்லை.

உங்கள் கேஸில் மூல டிஸ்கில் ஒரு இடம் கெட்டு, இன்புட்-அவுட்புட் பிழை வந்திருக்க வாய்ப்பு அதிகம். லூப் அங்கேயே நின்றது; மிச்சமுள்ள ஃபைல்கள் ‘இல்லை’ என்று கணக்காகிவிட்டன. அழிக்கும் வேலை செய்கிற புரோகிராம், பட்டியல் முழுசாகப் பிழையில்லாமல் கைக்கு வந்த பிறகுதான் அழிக்கத் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு பிழை வந்தாலும் அந்த டைரக்டரியில் கை வைக்கக் கூடாது.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. மூலம் தனி டிஸ்க் என்றால், அது மவுண்ட் ஆகாத (சிஸ்டத்தோடு இணையாத) நாளில் அந்த இடத்தில் ஒரு காலி டைரக்டரி இருக்கும். டைரக்டரியைத் திறக்கும் ஓபன்டிர் வெற்றி, ரீட்டிர் வெற்றி, எர்னோ 0, பட்டியலோ காலி. எல்லா விதியையும் கடைப்பிடித்த புரோகிராமும் பேக்கப்பைத் துடைத்துவிடும். மூல டிஸ்கின் உச்சியில் ஒரு அடையாள ஃபைல் போட்டு வையுங்கள். அது கண்ணில் படாவிட்டால் புரோகிராம் உடனே வெளியேறட்டும்.

ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு ஃபோல்டரில் உள்ள படங்களுக்கெல்லாம் முன்னால் ‘கல்யாணம்_’ என்று சேர்க்க என் தம்பி ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். சில படங்களுக்கு ‘கல்யாணம்_கல்யாணம்_’ என்று வருகிறது. ஒன்றிரண்டில் வரிசையாக அதே சொல்தான். (மஞ்சக்குப்பம்)

உங்கள் தம்பி டைரக்டரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பெயரை மாற்றுகிறார். டைரக்டரியைத் திறந்த பிறகு அதில் சேர்ந்த ஃபைலோ நீக்கிய ஃபைலோ ரீட்டிரில் வருமா வராதா என்பதை, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை வரையறுக்கவில்லை. பெயர் மாறிய படம், புதிய பெயரோடு பின்னால் வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்தால் லூப் அதை இன்னொரு தடவை சந்திக்கும். அப்புறம் இன்னொரு ‘கல்யாணம்_’.

இது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடலாம். ‘கல்யாணம்’ யூனிகோடில் 8 குறிகள். யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24, அடிக்கோட்டோடு 25. படத்தின் பெயர் நாலு இலக்க எண்ணும் .ஜேபிஜி-யும் என்றால் 8 பைட். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு உச்சவரம்பு வழக்கமாக 255 பைட். ஒன்பது கல்யாணம் வரை 233 பைட். பத்தாவது 258 ஆகும், பெயர் நீளம் என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மறுத்துவிடும். அந்த வரம்பு இருப்பதால்தான் புரோகிராம் ஒருவழியாக நிற்கிறது.

சரிசெய்வது சுலபம். முதலில் பெயர்களை எல்லாம் படித்து நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், க்ளோஸ்டிர் போட்டு டைரக்டரியை மூடட்டும், பிறகு மாற்றட்டும். நகல் என்றால் ஸ்ட்ரிங்கையே நகலெடுப்பது. ரீட்டிர் தந்த பாயிண்டரை மட்டும் சேமித்தால், அடுத்த ரீட்டிரில் அந்த இடத்தில் வேறு பெயர் வந்திருக்கலாம். பழைய ஃபைல்களைச் சுற்றிச் சுற்றி அழிக்கும் புரோகிராம்களுக்கும் இதே மருந்துதான்.

எல்எஸ் கட்டளை அகர வரிசையில் காட்டுகிறது, என் புரோகிராம் ஏன் தாறுமாறாகக் காட்டுகிறது? (நெல்லிக்குப்பம்)

எல்எஸ் தானாக வரிசைப்படுத்திக் காட்டுகிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் பெரிய டைரக்டரிகளில் பெயரின் ஹாஷ் (பெயரிலிருந்து கணக்கிட்ட எண்) வரிசையில்தான் தரும். வேண்டுமானால் படித்தபின் நீங்களே வரிசைப்படுத்துங்கள். ‘.’ (அதே டைரக்டரி), ‘..’ (மேல் டைரக்டரி) இரண்டும் முதலில் வரும் என்று நம்பி முதல் இரண்டைத் தள்ளிவிடுவதும் இதே தப்புதான். பெயரை ஒப்பிட்டுத்தான் தள்ள வேண்டும்.

வீட்டிலுள்ள பிரெஞ்சுக் காலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து மேக்கில் வைத்திருந்தேன். லினக்ஸுக்கு மாற்றியபின் ‘கோயில்’ என்ற ஃபோல்டர் இரண்டு இருக்கிறது. ஒரே டைரக்டரியில் ஒரே பெயர் இரண்டு எப்படி? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

கண்ணுக்குத்தான் ஒரே பெயர். ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழி கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் ‘கோயில்’ 18 பைட், இரண்டாவதில் 21. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்கள் சாதாரணமாகப் பைட்களை வந்தபடி வைத்துக்கொள்ளும். ஸ்லாஷும் பூஜ்ய பைட்டும் இல்லாவிட்டால் அதற்கு எல்லாமே பெயர்தான். ஒன்று மேக்கிலிருந்து வந்தது, இன்னொன்று நீங்கள் லினக்ஸில் தட்டச்சு செய்தது என்று நினைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு இரண்டையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் அந்த மாற்றிய பெயரைக் கொடுத்து ஃபைலைத் திறக்கப் பார்க்காதீர்கள். திறக்க, அழிக்க, பெயர் மாற்ற எல்லாவற்றுக்கும் ரீட்டிர் தந்த பைட்களையே தொடாமல் கொடுக்க வேண்டும். யூனிகோடு பரவலாவதற்கு முன் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் பெயர் வைத்த பழைய ஃபைல்கள் இருந்தால், அவை செல்லுபடியான யூடிஎஃப்-8 ஆகவே இருக்காது. ‘இது ஸ்ட்ரிங் இல்லை’ என்று உங்கள் புரோகிராம் அவற்றைத் தள்ளிவிட்டால் அவ்வளவு பத்திரமும் கணக்கில் வராது.

இப்படி ஒரே வடிவத்துக்கு மாற்றும் நார்மலைசேஷனுக்கும் அடங்காத ஒன்று தமிழில் இருக்கிறது. ‘கௌரி’யை ஔகாரக் குறியோடு எழுதலாம், ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ தட்டியும் பலர் எழுதுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு சொற்கள், எந்த லைப்ரரியும் சேர்த்து வைக்காது. கையால்தான் திருத்த வேண்டும்.

கல்லூரி புராஜெக்டுக்கு லைப்ரரி இல்லாமல் டைரக்டரிப் பதிவுகளைக் கர்னலிடமே கேட்டு வாங்கும் கெட்டென்ட்ஸ்64 சிஸ்டம் காலைப் பயன்படுத்துகிறேன். முதல் பெயர் சரியாக வருகிறது, அடுத்ததிலிருந்து குப்பை. (காலாப்பட்டு, புதுச்சேரி)

அடுத்த பதிவுக்கு நகரும் தூரத்தை நீங்களே கணக்கிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கணக்கிட வேண்டாம், ஒவ்வொரு பதிவிலும் டி_ரெக்லென் அதைச் சொல்லிவிடும்.

‘கடலூர்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது என்று வையுங்கள். ஐநோட் எண் (ஃபைலின் அடையாள எண்) 8 பைட், ஆஃப்செட் 8, ரெக்லென் 2, வகை 1. ஆக 19 பைட்டுக்குப் பிறகு பெயர். பெயர் 18 பைட், முடிவுக்கு ஒரு பூஜ்யம், மொத்தம் 38. கர்னல் இதை 8-இன் மடங்காக்கி 40 என்று ரெக்லெனில் எழுதும். நீங்கள் சைஸ்ஆஃப் போட்டால் கம்பைலர் ஸ்ட்ரக்சரை 24 ஆக்கிச் சொல்லும்; அதோடு பெயர் நீளத்தைக் கூட்டினால் 42. அங்கேயே தடம் புரண்டுவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். சிஸ்டம் கால் திருப்பித் தரும் எண் பைட் கணக்கு, பதிவுகளின் எண்ணிக்கை இல்லை. அந்த அளவு வரைக்கும்தான் பஃபரில் நடக்க வேண்டும். 0 வரும்வரை மறுபடி மறுபடி கூப்பிட வேண்டும், பஃபர் நிறையவில்லை என்பதற்காக முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. டி_ஆஃப் (மேலே சொன்ன ஆஃப்செட்) என்பது வெறும் டோக்கன், அதைக் கூட்டிக் கழிக்க முடியாது.

டைரக்டரிப் பதிவில் வரும் டி_டைப் பார்த்து ஃபோல்டரா ஃபைலா என்று பிரிக்கிறேன். ஒரு சர்வரில் மட்டும் ஃபோல்டரே இல்லை என்கிறது. (பண்ருட்டி)

அங்கே ‘தெரியாது’ என்ற மதிப்பு வருகிறது. எல்லா ஃபைல் சிஸ்டமும் வகையைத் தருவதில்லை. பழைய முறையில் ஃபார்மேட் செய்த எக்ஸ்எஃப்எஸ் ஓர் உதாரணம். ‘தெரியாது’ என்றால் ஃபைலின் விவரம் தரும் எஃப்ஸ்டாட்அட் போட்டுக் கேளுங்கள், சிம்லிங்கை (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பை) பின்தொடராத கொடியோடு.

த்ரெட் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) இருந்தால் ரீட்டிர்_ஆர் தான் பாதுகாப்பு என்று வகுப்பில் சொன்னார்கள். (வில்லியனூர்)

அந்தக் காலம் போய்விட்டது. 2016-இல் வந்த ஜிலிப்சி 2.24 (லினக்ஸின் சி லைப்ரரி) அதைக் கைவிடச் சொல்லிவிட்டது; அதற்கு நாம் கொடுக்கும் பஃபர் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று நம்பகமாகச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஓபன்டிர் செய்துகொண்டால் சாதாரண ரீட்டிரே போதும்.

இறால் குட்டையில் ஆக்சிஜன் அளவை எஸ்டி கார்டில் பதியும் கருவி செய்திருக்கிறேன். கார்டைப் படிக்க எஃப்ஏடி32 (கார்டின் ஃபைல் சிஸ்டம்) ரீடரும் நானே எழுதியது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தால் அன்றைய ஃபைல் 0 பைட் காட்டுகிறது. தவிர, 16 பதிவுகளுக்கு மேல் பட்டியல் வருவதில்லை. (பரங்கிப்பேட்டை)

16 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. எஃப்ஏடி-யில் ஒரு பதிவு 32 பைட், ஒரு செக்டர் 512. முதல் செக்டரோடு நின்றுவிட்டீர்கள். கிளஸ்டரின் (செக்டர்களின் தொகுதியின்) எல்லாச் செக்டர்களையும் படித்து, பிறகு எஃப்ஏடி அட்டவணையில் அடுத்த கிளஸ்டரைத் தேடிப் போக வேண்டும். கெட்டுப்போன கார்டில் அந்தச் சங்கிலி வட்டமடிக்கலாம். ஒரு டைரக்டரிக்கு 65,536 பதிவுதான் உச்சம், அதைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

முதல் பைட் 0 என்றால் டைரக்டரி முடிவு. 0xஈ5 என்றால் அழிக்கப்பட்ட பதிவு, தாண்டிப் போக வேண்டும், நிற்கக் கூடாது. பண்பு பைட் 0x0எஃப் என்றால் அது நீளப் பெயரின் துண்டு. ஒரு துண்டில் 13 எழுத்துகள், கடைசித் துண்டு முதலில் வரும், குறும்பெயரின் செக்சம் பொருந்தினால்தான் சேர்க்க வேண்டும்.

0 பைட்டுக்குக் காரணம் ரீடர் இல்லை, எழுதும் பக்கம். ஃபைலின் அளவு டைரக்டரிப் பதிவில் இருக்கிறது. ஃபைலை மூடும்போதோ, சிங்க் செய்து உடனே எழுதச் சொல்லும்போதோதான் அது கார்டுக்குப் போகும். சில நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க் போடுங்கள். போன தரவு பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும், அளவு மட்டும்தான் பதியவில்லை. விண்டோஸில் சொருகினால் ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் டிடி கட்டளையில் முழு கார்டுக்கும் ஒரு இமேஜ் (அச்சு நகல்) எடுங்கள். அப்புறம் அந்த இமேஜில் தேடலாம்.