பொகவந்தலாவைக் கல்: நீலக்கல்லா, ஸ்பினலா?

வணக்கம். பொகவந்தலாவை ஆற்றோரத்தில் உங்கள் தாத்தா கண்டெடுத்த கல்லை ஒருவர் நீலக்கல் என்றும் மற்றவர் நீல ஸ்பினல் (நீலக்கல்லைப் போலத் தோன்றும் வேறொரு இரத்தினம்) என்றும் சொன்னதாகவும், அது காற்றில் 2.16 கிராமும் நீரில் 1.56 கிராமும் காட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் தந்த நிறைகளிலேயே பாதிப் பதில் இருக்கிறது. குறைந்த 0.60 கிராமால் 2.16ஐ வகுத்தால் சாரடர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 3.60, இது ஸ்பினலுக்குரிய அளவு. நீலக்கல்லின் சாரடர்த்தி ஏறத்தாழ 4.00 என்பதால் அது நீரில் 1.62 கிராம் காட்டியிருக்கும். ஆனால் கல்லில் ஒட்டும் காற்றுக்குமிழிகள் அளவைத் தாழ்த்திவிடும். ஆகவே தூரிகையால் துடைத்துவிட்டு மூன்று முறையாவது மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.

அடுத்து, காலை வெயிலில் கல்லை வெள்ளைத்தாள்மீது வைத்து, பொலராய்ட் கண்ணாடியை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) அதன்மேல் மெதுவாகத் திருப்புங்கள். நீலக்கல் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் (முறிவுச்சுட்டி, அதாவது கல் ஒளியை வளைக்கும் அளவு, 1.762 முதல் 1.770 வரை) ஊதா கலந்த நீலமும் பச்சை கலந்த நீலமும் மாறிமாறித் தெரியும், ஒரேயொரு திசையில் மட்டும் இம்மாற்றம் தெரியாது என்பதால் மூன்று பக்கங்களிலும் பார்ப்பது அவசியம். ஸ்பினலுக்கு முறிவுச்சுட்டி ஒன்றே, 1.718, எப்பக்கம் திருப்பினாலும் நிறம் மாறாது.

தயவுசெய்து உரசிப் பார்க்காதீர்கள். பத்துவரை செல்லும் மோஸ் அளவுகோலில் கடினம் நீலக்கல்லுக்கு 9, ஸ்பினலுக்கு 8. இரண்டுமே கண்ணாடியைக் கீறும், உங்கள் கல்லின் விளிம்புதான் சேதமாகும். செயற்கை ஸ்பினலின் சுட்டி பெரும்பாலும் 1.728 ஆக இருப்பதால், விற்குமுன் ஆய்வுகூடத்தில் முறிவுச்சுட்டியை அளந்து சான்றிதழ் பெறுங்கள்.