யார் கட்டிய வேஷம்?

கேள்வி: 1933இல் ஜெர்மன் வீரர் ஷ்மெலிங்குடன் மோதியபோது ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் மேக்ஸ் பேர், யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் தைத்த கால்சட்டையோடு இறங்கினார். ஆனால் அவர் முழு யூதரே இல்லையாமே? டிக்கெட் விற்பதற்காகக் கட்டிய வேஷம்தானே அது?

பதில்: மேக்ஸ் பேருக்கு அப்பா வழியில்தான் யூத ரத்தம்; அம்மா யூதர் இல்லை. யூத சமயச் சட்டம் தாய்வழியைத்தான் பார்க்கும். சரி, அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. எனக்கு உறுத்துவது 'வேஷம்' என்ற சொல்.

கூத்தில் வேஷம் கட்டியவர் விடிந்ததும் கலைத்துவிடுவார். பேர் கலைக்கவில்லை. யாங்கி ஸ்டேடியத்தில் பத்தாவது ரவுண்டில் ஷ்மெலிங்கை வென்ற பிறகும், மறு வருஷம் மலைபோல் நின்ற இத்தாலியர் கார்னெராவைத் திரும்பத் திரும்பத் தரையில் விழவைத்து உலகப் பட்டம் வாங்கியபோதும், அந்த நட்சத்திரம் கால்சட்டையில் இருந்தது. விளம்பர ஆசையும் இருந்திருக்கும். அதனால் என்ன? ஹிட்லர் பதவிக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில்தான் யூதர் கடைகளின் வாசலில் ஆளை நிறுத்தி வாடிக்கையாளர்களைத் தடுத்திருந்தார்கள். ஜூனில் இவர் அந்த நட்சத்திரத்தோடு வளையத்துக்குள் ஏறுகிறார். பேர் நடித்த ஹாலிவுட் படத்தை ஜெர்மனி 1934இல் தடை செய்தது. அவர் யூதர் என்பதே காரணம். அரையா, காலா என்று அவர்கள் அளந்து பார்க்கவில்லை. நாம் மட்டும் ஏன் இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்?

வேஷம் என்றால் ஷ்மெலிங்குக்குக் கட்டியதுதான் வேஷம். நாஜிகளின் ஆள் என்று அமெரிக்கக் கூட்டம் அவரைக் கரித்துக்கொட்டியது. அவரோ நாஜிக் கட்சியில் சேரவே இல்லை. அவருடைய மேனேஜர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். அவரை விலக்கச் சொல்லி எவ்வளவோ நெருக்கியும் ஷ்மெலிங் கேட்கவில்லை. 1938 நவம்பரில் யூதர் கடைகளும் கோயில்களும் நொறுக்கப்பட்டபோது, யூத நண்பர் ஒருவரின் இரண்டு பையன்களைத் தன் பெர்லின் ஹோட்டல் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

அப்புறம், மேக்ஸ் பேருக்கும் ஒரு வேஷம் கட்டினார்கள். வாழ்க்கை வரலாற்றுப் படங்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் "சினிமாவை சினிமாவாகப் பாருங்கள்" என்று கடிதம் போடும் வாசகர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை. அவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1935இல் பேரிடமிருந்து பட்டத்தைப் பறித்த பிராடக் பற்றி 2005இல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அதில் பேர், எதிராளி தன் அடியில் செத்ததைப் பெருமையாகச் சொல்லித் திரியும் ஆள்.

நடந்தது என்ன? 1930 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவரோடு மோதிய பிராங்கி கேம்ப்பெல் தலையில் அடிபட்டு மறுநாள் இறந்தார். பேர் மீது கொலையாகாத மரணம் விளைவித்த வழக்குப் பதிவாகி, பின்னால் விடுவிக்கப்பட்டார். அந்தச் சாவு அவரை விடவில்லை. கண்ணீர் விட்டு அழுதார், தூக்கத்தில் அலறினார், அடுத்து வந்த சண்டைகள் பலவற்றில் தோற்றார். கேம்ப்பெல் குடும்பத்துக்குப் பணமும் கொடுத்தார்.

படம் வந்தபோது பதில் சொல்ல மேக்ஸ் பேர் உயிரோடு இல்லை. 1959லேயே 50 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். நடிகரான அவர் மகன்தான் "என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருந்தது.