டாஃப்ட் பங்க் வளர்ந்த விதம்: கேள்வி பதில்

அண்ணா, பிரான்ஸின் எலக்ட்ரானிக் இசை இரட்டையர் டாஃப்ட் பங்க்கின் பெயரே ஒரு வசவிலிருந்து வந்ததாமே, நிஜமா?

நிஜம்தான். தோமா பாங்கால்தேரும் கீ-மானுவேலும் 1987-இல் பாரிஸ் லிசே கார்னோ பள்ளியில் நண்பர்களானவர்கள். 1992-இல் லோராங் பிரங்கோவிட்ஸோடு சேர்ந்து ‘டார்லின்’ என்ற ராக் குழுவை ஆரம்பித்தார்கள். அவர்கள் பாட்டைக் கிறுக்குத்தனமான பங்க் இரைச்சல் என்று பொருள்படும்படி பிரிட்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழ் எழுதியது. குழு கலைந்தது. பிரங்கோவிட்ஸ் பிறகு ஃபீனிக்ஸ் குழுவுக்குப் போனார். மற்ற இருவரும் அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

பெரிய கம்பெனி எப்போது பிடித்தது? ஒப்பந்தத்தில் ஏமாறவில்லையா?

முதலில் வந்தது சின்ன கம்பெனிதான். கிளாஸ்கோவின் ‘சோமா’ 1994-இல் முதல் இசைத்தட்டையும், 1995-இல் ‘டா ஃபங்க்’ பாட்டையும் வெளியிட்டது. ‘டா ஃபங்க்’ கிளப்புகளில் பற்றிக்கொண்டதும் பெரிய கம்பெனிகள் வரிசையில் நின்றன. 1996-இல் வெர்ஜின் ரெக்கார்ட்ஸோடு கையெழுத்தானது. ஆனால் மூலப்பதிவின் உரிமையை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் சொந்த நிறுவனத்திடம் வைத்துக்கொண்டு, வெளியிடும் உரிமையை மட்டும் கொடுத்தார்கள். அவர்கள் வளர்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தங்கள் இஷ்டப்படி பாட்டும் வீடியோவும் செய்ய முடிந்தது இதனால்தான். முதல் ஆல்பம் ‘ஹோம்வொர்க்’ 1997 ஜனவரியில் வந்தது.

முகத்தை மறைக்கும் அந்த ரோபோ ஹெல்மெட் எப்போது வந்தது?

ஆரம்பத்தில் கடையில் கிடைத்த முகமூடிகள்தான். ரோபோ ஹெல்மெட் 2001-இல் வந்த ‘டிஸ்கவரி’ ஆல்பத்தின் காலத்தில் சேர்ந்தது. முகத்தைப் பார்க்காமல் பாட்டைக் கேட்கட்டும் என்பதே நோக்கம்.

சார், ‘ஹோம்வொர்க்’ பதிவான படுக்கையறையில் என்னென்ன கருவிகள் இருந்தன?

ரோலண்ட் 909 டிரம் மெஷின், 303 பேஸ் மெஷின், ஜூனோ-106 சிந்தசைசர், ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளர் (இசைத் துண்டைப் பதிந்து மறுபடி வாசிக்கும் கருவி), அலெசிஸ் 3630 கம்ப்ரசர் (சத்தம் கூடும்போது அதை அமுக்கும் கருவி). கம்ப்ரசர் மலிவான சரக்கு. சாம்ப்ளரின் பதிவுத் தரம் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ்தான். மொத்த நினைவகமே சுமார் 10 விநாடி. இடத்தை மிச்சப்படுத்த அந்தக் காலத்து ஆட்கள் 33 சுற்று இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவுசெய்து, பிறகு சாம்ப்ளரில் சுருதியைக் கீழே இறக்குவார்கள். 13 விநாடிக்கு மேல் உள்ள இசை 10 விநாடிக்குள் அடங்கிவிடும். இறக்கும்போது ஒரு உலோகக் கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்புக்காகவே இன்றும் அந்தப் பெட்டியைத் தேடுகிறார்கள்.

கிக் (கனத்த டிரம் அடி) விழும்போதெல்லாம் மற்ற சத்தம் இறங்கி ஏறுமே, அந்த ‘மூச்சு வாங்கும்’ சத்தம் என் டிராக்கில் வரவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் ரிலீஸில்தான், அதாவது அமுக்கிய சத்தத்தைக் கம்ப்ரசர் மறுபடி விட எடுக்கும் நேரத்தில். வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவில் 500 மில்லிவிநாடி. கிக் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸில் (கூட்டுத் தடத்தில்) சேர்த்துக் கம்ப்ரசர் போடுங்கள், அதை இயக்கும் சிக்னலாகக் கிக்கை சைட்செயினில் கொடுங்கள். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 6:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 2 மில்லிவிநாடி, ரிலீஸ் 200 என்று ஆரம்பித்து, கிக் விழும்போது 6 முதல் 8 டெசிபல் இறங்கும்வரை த்ரெஷோல்டைக் (அமுக்கம் தொடங்கும் சத்த அளவை) குறையுங்கள். ரிலீஸை 600-க்கு வைத்தால் சத்தம் ஏறி வருவதற்குள் அடுத்த கிக் விழுந்துவிடும். மொத்தமும் அமுங்கிக் கிடக்கும், மூச்சு இருக்காது. 30-க்கு வைத்தால் பேஸ் கரகரக்கும்.

ஃபில்டரை (உயர்ந்த சத்தங்களை வடிகட்டும் கருவியை) கம்ப்ரசருக்கு முன்னால் வையுங்கள். கம்ப்ரசர் கிக்கைக் கேட்டே இழுப்பதால், ஃபில்டர் மூடியிருந்தாலும் அது இழுப்பது மாறாது. 16 பாரில் (பார் என்பது நான்கடித் தாளச் சுற்று) மெதுவாகத் திறந்தால் சத்தம் கூடக்கூட மூச்சும் தெளிவாகக் கேட்கும். ரெசனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தைத் தூக்கிக்காட்டும் குமிழை) ரொம்ப ஏற்றாதீர்கள், விசில் அடிக்கும்.

303-இல் நோட்டெல்லாம் இடம் மாறிப்போகிறது, ஏன்?

அதில் சுருதியைத் தனியாகவும் தாளத்தைத் தனியாகவும் பதிய வேண்டும். முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக அடிக்கிறீர்கள். பிறகு 16 இடத்திலும் அடி, நீட்டல், மௌனம் என்று கொடுக்கிறீர்கள். தாளத்தில் 9 அடி இருந்து ஸ்வரம் 8 மட்டும் கொடுத்திருந்தால், ஒன்பதாவது அடியில் நீங்கள் நினைக்காத ஸ்வரம் வந்து உட்காரும். காகிதத்தில் எழுதி எண்ணிவிட்டுப் பதியுங்கள். ஆக்ஸன்ட்டும் (அழுத்தம்) ஸ்லைடும் (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கல்) இல்லாத 303 உப்பில்லாத சாம்பார். ‘டா ஃபங்க்’கின் பிற்பாதியில் நெளியும் அந்த வரியைக் கேட்டால் புரியும்.

ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் ‘அரௌண்ட் தி வேர்ல்ட்’ ஏன் சலிக்கவில்லை?

அடியில் இருக்கும் கருவிகள் ஓயாமல் நுழைந்து விலகுவதால். மிஷேல் கோந்த்ரி எடுத்த வீடியோவே இதற்குப் பாடம். விளையாட்டு வீரர்கள் பேஸ். அது ஏறி இறங்கும்போது அவர்களும் படியில் ஏறி இறங்குவார்கள். மம்மிகள் டிரம் மெஷின், எலும்புக்கூடுகள் கிதார், நீச்சல் உடைப் பெண்கள் கீபோர்டு, ரோபோக்கள் குரல். ஒருமுறை மம்மிகளை மட்டும் பாருங்கள், அடுத்த முறை படியேறுபவர்களை மட்டும். ஐந்து முறை பார்த்த பிறகு வீடியோவை மூடிவிட்டுப் பாட்டை மட்டும் போட்டு, எந்த இடத்தில் எது நுழைகிறது என்று பார் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.