வாங்கலாமா, வேண்டாமா? – பீர் காய்ச்ச ஒரு கேஸ் அடுப்பு

வீட்டிலேயே 5 காலன் பீர் காய்ச்சுகிறேன். சமையலறை அடுப்பில் கொதி வருவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. 2 லட்சம் பி.டி.யூ. (சூட்டை அளக்கும் அலகு) புரொப்பேன் பர்னர் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கட்டுமா?
– டல்லாஸ் வாசகர்

வேண்டாம். 5 காலன் பீருக்கு ஆறரை காலன் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றைக் கொதிக்க வைப்பீர்கள். கொதி வரை ஏற்ற அதற்குத் தேவையான சூடு 7,700 பி.டி.யூ. அளவுதான். பாதிச் சூடு காற்றோடு போனாலும் 55,000 பி.டி.யூ. பர்னரில் இருபது நிமிடத்துக்குள் கொதித்துவிடும். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒரு மணி நேரத்தில் எரியும் கேஸின் கணக்கு, பானைக்குள் இறங்கும் சூட்டின் கணக்கு அல்ல. 2 லட்சத்தில் பானையின் பக்கவாட்டைத்தான் கருக்குவீர்கள்.

பர்னரின் கால்களைப் பாருங்கள். ஆறரை காலன் என்றால் 54 பவுண்டுக்கு மேல். கால்கள் அகலமாக, வெல்டிங் செய்ததாக, குட்டையாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டிய சரக்கு, தீயைக் குறைத்தால் அணையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். நான் முதலில் வாங்கியது வான்கோழி பொரிக்கும் அடுப்பு, தேங்க்ஸ்கிவிங் முடிந்த மறுநாள், பாதி விலைக்கு. அதில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையும் டைமர் இருந்தது. நான்கு தடவை ஓடி ஓடிப் பொத்தானை அமுக்கினேன். ஐந்தாவது தடவை டீ குடிக்கப் போய்விட்டேன்.

புது பர்னரில் தீ மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் வருகிறது. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். அதுவும் அப்படியே. ஏமாற்றுகிறார்களா?
– ராலே வாசகர்

இல்லை. பர்னர் குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திறக்கிறீர்கள். கேஸ் கசிகிறது என்று நினைத்து இணைப்பில் உள்ள பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் மூடி, கழற்றி, இரண்டு நிமிடம் கழித்து மாட்டுங்கள். முதலில் சிலிண்டரைத் திறங்கள், அதுவும் மெதுவாக. அப்புறம் பர்னர். கூட வந்த தாளைப் படித்திருந்தால் இரண்டு பெட்டிகள் ஊர் சுற்றியிருக்காது.

மின்னசோட்டா குளிரில் வெளியே நிற்க முடியவில்லை. கராஜில் வைத்துக் கதவைப் பாதி திறந்துகொள்ளலாமா?

கூடாது. அடுப்பு கக்கும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

ஊரிலிருந்து அப்பா வருகிறார். கல்யாணச் சமையல் கேஸ் அடுப்பு ஒன்று பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லவா?

முறுக்கு கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கத்திய ரெகுலேட்டர் இங்கத்திய சிலிண்டர் வாயில் மாட்டாது.

கடை வாசலில் காலி சிலிண்டரைக் கொடுத்து 20 பவுண்டு சிலிண்டர் மாற்றி வந்தேன். மூன்றாவது முறை பீர் காய்ச்சும்போது நடுவிலேயே தீர்ந்துவிட்டது. கசிவா?
– எடிசன் வாசகி

சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள், அம்மா. ஆனால் என் சந்தேகம் வேறு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். 20 பவுண்டு என்பது சிலிண்டரின் பெயர். கூண்டில் வைத்து விற்கும் மாற்றுச் சிலிண்டரில் பெரும்பாலும் அடைத்திருப்பது 15 பவுண்டுதான். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், ஆகவே சட்டப்படி ஏமாற்று இல்லை! 20 பவுண்டு அரிசி மூட்டையில் 15 பவுண்டு இருந்தால் சும்மா இருப்போமா? இது போதாதென்று, நீங்கள் திருப்பிக் கொடுக்கும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் கேஸுக்குச் சல்லிக்காசு கழிவு கிடையாது. ஊரில் என் அம்மா, 14.2 கிலோ இருக்கிறதா என்று தராசில் தூக்கிக் காட்டாமல் சிலிண்டரை வாசல்படி தாண்ட விடமாட்டார். இங்கே குளியலறை எடை மெஷின் போதும். சிலிண்டர் கழுத்தில் டி.டபிள்யூ. என்று காலி எடை பொறித்திருக்கும், 17 பவுண்டு சுமாருக்கு. முழுதாக நிரம்பியிருந்தால் 37 காட்ட வேண்டும். 32 காட்டினால் விஷயம் புரிந்துவிடும். ஊற்றிய அளவுக்கு மட்டும் காசு வாங்கும் ரீஃபில் நிலையத்தைத் தேடிப் போங்கள்.

ஆன்லைனில் 140 டாலருக்கு வாங்கிய பர்னரின் கால்கள் ஆடுகின்றன. படத்தில் இருந்த சான்று முத்திரை ரெகுலேட்டரில் இல்லை. விற்றவர் பதிலே போடுவதில்லை. வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஓய்வுபெற்றவர், அட்லாண்டா

சிரிக்க இதில் ஒன்றுமில்லை, ஐயா. படத்தைக் காட்டி வேறு சரக்கை அனுப்பியவர் அவர். அதைப் பற்றவைக்காதீர்கள். அந்த விளம்பரப் பக்கத்தையும் வந்த பொருளையும் படமெடுத்து, விற்றவருக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி பொருள் வரவில்லை என்று கார்டு வங்கிக்குக் கடிதம் எழுதலாம். பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஃபோனில் சொன்னது போதும் என்று நான் ஒருமுறை இருந்துவிட்டேன். அந்த 90 டாலர் போனது போனதுதான்.

பீர் காய்ச்சும் அண்டாவிலேயே பிரியாணியும் போடலாமா?

அடுப்பு ஒன்றே போதும். அண்டா தனி. நெய் ஒட்டிய பாத்திரத்தில் காய்ச்சிய பீருக்கு நுரை நிற்காது. பிரியாணிக்கு அந்தக் கவலை இல்லை.