ஜாங்கோ வாசிக்க எந்தக் காலேஜ்?

கேள்வி: வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊர், பி.காம் கடைசி வருடம். ஏழு வருடமாக கிடார், டிரினிட்டி இசைத் தேர்வில் ஆறாவது கிரேடு முடித்துவிட்டேன். அந்தக்கால ஜாஸ் கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்ததைக் கேட்ட நாளிலிருந்து வேறெதுவும் காதில் ஏறவில்லை. ஜிப்ஸி ஜாஸ் கிடாருக்கென்றே பட்டப்படிப்பு எங்கே இருக்கிறது? அப்பாவுக்கு மஞ்சள் மண்டி. "பட்டம்னு ஒரு காகிதம் வருதுன்னா அனுப்பறேன்" என்கிறார்.

பதில்: தம்பி, அந்தப் பெயரையே போட்ட காகிதத்தைத் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். பெரிய இசைப் பள்ளிகளில் பட்டம் "ஜாஸ் கிடார்" என்றுதான் வரும், ஜாங்கோ அதற்குள் ஒரு மூலையில் இருப்பார். ஸ்பெயின் நாட்டு பிளமெங்கோ இசைக்கு அந்த யோகம் அடித்தது, 1985-லேயே கிடார் கலைஞர் பாக்கோ பெனியாவை வைத்து நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிளமெங்கோ கிடாரைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கிவிட்டார்கள். நீ கேட்கிற இசை அப்படி வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்ததல்ல. ஜிப்ஸி என்று அழைக்கப்படும் ரோமானி மக்களின் வண்டி வீடுகளில், தீ மூட்டி உட்கார்ந்த இடத்தில், சித்தப்பன் வாசிக்க மகன் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஜாங்கோவுக்கே இசைக் குறிப்பு (நோட்டு) படிக்கத் தெரியாது. 1928-ல் வண்டி தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் முடங்கிப்போக, மிச்சமிருந்த இரண்டு விரலை வைத்துத்தான் நீ கேட்டு மயங்கினாயே, அந்த வாசிப்பு.

நம்ம ஊர் வள்ளி கும்மியை எடுத்துக்கொள். யாராவது அதற்கு டிகிரி தேடுகிறார்களா? சாயங்காலம் கோயில் மைதானத்துக்குப் போய் வட்டத்தில் நின்றால், வாத்தியார் பாடப் பாட ரெண்டு மாதத்தில் கால் தானாகத் திரும்பும், அப்புறம் அரங்கேற்றம். இதுவும் கிட்டத்தட்ட அதே கதைதான். என்ன, வட்டம் நமக்குக் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது.

அதற்காகப் பட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்டெஃபான் ரெம்பெல் என்றொரு கிடார்காரர், பிரான்ஸில் ஜாங்கோ கடைசிக் காலத்தில் குடியிருந்த சாமுவா ஊருக்குப் பக்கத்தில் ஃபோன்டென்புளோவில் வளர்ந்தவர். அந்த மக்களோடு உட்கார்ந்து வாசித்துப் பழகியவர், அப்புறம் அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் படித்தார். காகிதமும் கிடைத்தது, கையும் கிடைத்தது. ஆனால் பெர்க்லீயில் வருடக் கட்டணமே 45,000 டாலருக்கு மேல், உதவித்தொகை இல்லாமல் மண்டியை நம்பி இறங்காதே. ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகளில் செலவு ரொம்பக் குறைவு. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் ஜெர்மன் படிக்க வேண்டும், நேரில் வாசித்துக் காட்டித் தேற வேண்டும். பிரான்ஸ்தான் என்றால், ஜாங்கோவோடு வயலின் வாசித்த கிராப்பெல்லியின் வழியில் வந்த வயலின்காரர் டிடியே லாக்வுட் 2001-ல் டம்மாரி-லே-லீயில் தொடங்கிய பள்ளியைப் பார். அங்கே முதன்மையானது மனோதர்மமாக வாசிப்பது, சாமுவாவும் பக்கம்தான். இங்கேயே ஆரம்பிக்க நினைத்தால் சென்னையில் ரஹ்மானின் கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது, அங்கே அடித்தளம் போட்டுக்கொண்டு மேலே யோசிக்கலாம்.

எங்கே போனாலும் நுழைவுத் தேர்வில் கேட்பது ஜாஸ் பொது விஷயம்தான்: பழைய ஜாஸ் பாட்டுகள் சில, பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்ற பன்னிரண்டு தாளக்கட்டுச் சுற்றில் உடனடியாகக் கற்பனை, நோட்டைப் பார்த்து வாசிப்பது, காது. ஆறாவது கிரேடு கிளாசிக்கல் கை மட்டும் அதற்குப் போதாது, இதை நீ ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உண்மையான கல்வி கோடையில் நடக்கிறது. மாசசூசெட்ஸ் நார்தாம்ப்டனில் "ஜாங்கோ இன் ஜூன்" என்று பல வருடமாக ஒரு முகாம். பகலில் வகுப்பு, ராத்திரி விடிய விடிய கூடி வாசிப்பு. இந்த இசையின் இன்றைய பெரிய கிடார்காரர் ஸ்டோக்கலோ ரோஸன்பெர்க்கே இணையத்தில் பள்ளி வைத்திருக்கிறார், மாதச் சந்தா கட்டினால் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வருடம் தாளம் மட்டும் வாசி. சோலோ, அதாவது தனி வாசிப்பு, அந்தப் பக்கமே போகாதே. இந்த இசையில் டிரம்ஸ் கிடையாது, 1934-ல் ஜாங்கோ குழுவில் மூன்று கிடார், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ், அவ்வளவுதான். மேளத்தின் வேலையை இரண்டு கிடார்கள் செய்தன. அந்த அடிக்குப் பேர் "லா போம்ப்", அதாவது பம்பு! கிணற்று மோட்டார் மாதிரி இழுக்காமல், ஓடாமல், ஒரே வேகத்தில் போகணும். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நல்ல தாளக்காரனுக்கு உடனே நாற்காலி கிடைக்கும், வேகமாக சோலோ அடிக்கிறவன்தான் வரிசையில் நிற்பான். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கேள்வி: இதற்குத் தனி கிடார் வாங்கணுமா? எங்கள் பையன் ஒரேயடியாகப் பிடிவாதம். (பொள்ளாச்சி)

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க அம்மா. ஜாங்கோ வாசித்தது பிரான்ஸின் செல்மர் கிடார், 1932-லிருந்து 1952 வரை மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். அதே வடிவத்தில் இன்று பல கம்பெனிகள் செய்கின்றன, அதைப் பையன் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் ஸ்டீல் கம்பி கிடாரில் மெல்லிய கம்பி மாட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வாங்கிக் கொடுங்கள். கீழே அடித்த பிக் அடுத்த கம்பியில் சாய்ந்து நிற்க வேண்டும், கம்பி மாறும்போதெல்லாம் கீழடியில்தான் தொடங்க வேண்டும். இது கைக்கு வருவதற்கே ஆறு மாதம் ஆகும், அதற்குள் பிடிவாதம் நிஜமா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: "ஜிப்ஸி" என்று சொல்வது தப்பு என்கிறாளே என் மகள்? (ஈரோடு)

பதில்: அவள் சொல்வது சரி, அந்தச் சமூகத்தில் பலருக்கு அது வசைச்சொல். இசைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால் நானும் மேலே அப்படியே விட்டிருக்கிறேன். பிரான்ஸில் "ஜாஸ் மனூஷ்" என்பார்கள். மனூஷ் என்றால் அவர்கள் மொழியில் மனுஷன், நம் காதுக்கும் கேட்ட சொல்தான். அவர்கள் முன்னோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள், ரோமானி மொழியில் இன்றும் ஐந்துக்கு பாஞ்ச், பத்துக்கு தேஷ். அடுத்த வாரத்திலிருந்து இந்தப் பக்கத்திலும் மனூஷ் என்றே போட்டுவிடுகிறேன், மகளிடம் சொல்லிவிடுங்கள்.