விலை கூடிய சாதனங்கள் இல்லாமல், டிஎச்சிபியை (கணினிகளுக்கு நெட்வேர்க் முகவரி கொடுக்கும் முறையை) மட்டும் வைத்துச் சந்தேகமான கணினிகளைத் தனிமைப்படுத்தலாமா?

கேட்டவர் சுன்னாகத்தில் கணினி வகுப்பு நடத்துகிறார். நிலையத்தில் 30 கணினிகள். மாணவர்கள் தங்கள் லப்டொப்பையும் கொண்டுவந்து அதே நெட்வேர்க்கில் செருகுகிறார்கள். வைரஸோடு வரும் ஒன்று மற்றவற்றைத் தொடாமல் தடுக்க வேண்டும், கையில் பெரிய காசு இல்லை. இதுதான் அவருடைய நிலைமை.

செய்யலாம். கொக்குவில் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தின் நெட்வேர்க்கை நான் ஆறு வருடமாகப் பார்த்து வருகிறேன். முதல் மூன்று வருடம் இந்த முறைதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: டிஎச்சிபி என்பது படலை, வேலி அல்ல. படலையால் வருகிறவரை மறிக்கும். வேலியில் பொட்டு (ஓட்டை) இருந்தால் அதால் வருகிறவரை அதற்குத் தெரியாது.

ஒரு கணினி கேபிளைச் செருகியதும் முதலில் செய்வது, எனக்கு ஒரு முகவரி தாருங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுவதுதான். டிஎச்சிபி சேர்வர் அதற்கு ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் தன் தெருவில் இருக்கின்றன என்று காட்டுவது), வெளியே போகும் வழி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது), எத்தனை நேரத்துக்கு லீஸ் (முகவரியை வைத்திருக்கலாம்) என்பதெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறது. தெரிந்த கணினிக்கு எல்லாவற்றையும் கொடுங்கள், தெரியாததற்குக் குறைத்துக் கொடுங்கள். தனிமைப்படுத்தல் என்பது அவ்வளவுதான்.

எப்படிக் குறைப்பது? மாஸ்க்கை 255.255.255.255 என்று கொடுங்கள். அப்போது அந்தக் கணினி தன்னைத் தவிர அந்தத் தெருவில் வேறு யாருமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். டிஎச்சிபி கொடுக்கும் விபரங்களுக்கு இலக்கம் உண்டு, அவற்றை ஒப்ஷன் என்பார்கள். மூன்றாம் இலக்க ஒப்ஷனான ரவுட்டர் முகவரியை, அதாவது வெளியே போகும் வழியை, கொடுக்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக 121ஆம் ஒப்ஷனில் ஒரேயொரு பாதையை மட்டும் கொடுங்கள், அது உங்கள் உதவிச் சேர்வருக்கு (மறிபட்ட கணினியைச் சரிசெய்யத் தேவையான கோப்புகளை வைக்கும் கணினிக்கு) போகும் பாதை. பழைய விண்டோஸ் கணினிகள் வருமென்றால் அதே பாதையை 249இலும் கொடுங்கள். பக்கத்துக் கணினிக்கும் போக முடியாது, இணையத்துக்கும் போக முடியாது, உதவிச் சேர்வருக்கு மட்டும் போகலாம்.

மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் சேர்வர் 2008இல் நெட்வேர்க் அக்ஸஸ் புரொடெக்‌ஷன் என்ற பெயரில் கொண்டுவந்ததும் இந்த உத்திதான். அதில் கணினியே தன் உடல்நிலையைச் சேர்வருக்குச் சொல்லும். 2016 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே அந்தக் காலத்து வழிகாட்டிகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இப்போது உங்களுக்கு லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினியும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளும் போதும். அதில் கணினிகளின் மேக் முகவரிகளை (நெட்வேர்க் கார்டின் அடையாள எண்களை) ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பட்டியலில் உள்ளவற்றைத் தெரிந்தவை என்று அதுவே அடையாளமிடும். அடையாளம் இல்லாதவற்றுக்கு வேறு முகவரி வரிசை, வேறு ஒப்ஷன்கள் என்று பிரித்துவிடலாம்.

பரிசோதனையை நாங்கள் ஆள் வைத்தே செய்தோம். விண்டோஸ் அப்டேட் எப்போது நடந்தது, டிஃபெண்டர் ஓடுகிறதா, ஃபயர்வோல் திறந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். டிஃபெண்டரின் புதிய வைரஸ் வரையறைக் கோப்பைக் காலையில் ஒருதரம் இறக்கி உதவிச் சேர்வரில் வைத்துவிடுவோம். மறிக்கப்பட்ட பிள்ளை அதை எடுத்துப் போட்டு, முழு ஸ்கேன் ஓட்டி, பிறகு பதிவுக்கு வரும். மறித்தால் வெளியே வரும் வழியையும் நீங்களே வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறு வழி தேடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

லீஸ் நேரத்தைக் கவனமாக வையுங்கள். லீஸில் பாதி நேரம் போனதும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். மறித்து வைத்தவற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால், பட்டியலில் சேர்த்த ஒரு நிமிடத்துக்குள் அது மறுபடி கேட்டு, பழைய முகவரி மறுக்கப்பட்டு, புதியதை வாங்கிவிடும். மற்றவற்றுக்கு நான் முதலில் எட்டு மணித்தியாலம் வைத்திருந்தேன், அது பிழை. பகலில் ஒரு கணினியில் வைரஸ் இருப்பது தெரிந்து பட்டியலிலிருந்து எடுத்தாலும், அது நான்கு மணித்தியாலம் வரை பழைய முகவரியோடேயே ஓடிக்கொண்டிருக்கும். அரை மணித்தியாலம் போதும். இப்படிச் சிறிய இடத்தில் சேர்வருக்கு அது ஒரு சுமையே இல்லை.

சரி, இனி பொட்டுகள்.

உயர்தர வகுப்புப் பெடியன் ஒருவனின் லப்டொப் மறிபட்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவன் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருந்து அடப்டர் செட்டிங்கைத் திறந்தேன். முகவரி 192.168.10.57, மாஸ்க், ரவுட்டர், டிஎன்எஸ் நான்கும் கையால் தட்டியிருந்தது. "பக்கத்துக் கணினியைப் பாத்து எழுதிப்போட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் மாத்தினனான் சேர்" என்றான். படலையைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டான். டிஎச்சிபியிடம் முகவரி கேட்காதவனை டிஎச்சிபியால் மறிக்க முடியாது. அவனில் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த வயதில் அவ்வளவு விளங்கிக்கொண்ட பிள்ளையை உதவிச் சேர்வரைப் பார்க்கும் பொறுப்பில் போட்டேன்.

இந்தப் பொட்டை அடைக்க, கேபிள்கள் வந்து சேரும் நெட்வேர்க் சுவிச்சின் உதவி வேண்டும். மேனேஜ்ட் சுவிச் (நாமே செட்டிங் மாற்றக்கூடியது) பலவற்றில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருக்கிறது. எந்தப் போர்ட்டில் எந்த மேக், எந்த ஐபி வாங்கியது என்று சுவிச் ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும். அதோடு ஐபி சோர்ஸ் கார்ட் வசதியும் இருந்தால், அட்டவணையில் இல்லாத முகவரியோடு வரும் எதையும் அந்த இடத்திலேயே கொட்டிவிடும். கையால் தட்டிய 57 அன்றே செத்துப்போயிருக்கும். பாவித்த சுவிச் ஒன்றாவது வாங்குங்கள். நிலையான முகவரி உள்ள பிரிண்டர்களை அட்டவணையில் கையால் சேர்க்க மறக்க வேண்டாம்.

இரண்டாவது பொட்டு ஐபிவி6, அதாவது ஐபி முகவரியின் புதிய பதிப்பு. ரவுட்டர் அதற்கான அறிவிப்பை அனுப்பிக்கொண்டிருந்தால், கணினி டிஎச்சிபியைக் கேட்காமல் தானே ஒரு முகவரியை அமைத்துக்கொண்டு வெளியே போய்விடும். பயன்படுத்தவில்லை என்றால் ரவுட்டரில் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, மேக் முகவரியைப் பெரிதாக நம்பவும் முடியாது. மாற்றுவது சுலபம். அண்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 14 தொடக்கம் போன்கள் வைஃபைக்குத் தாமாகவே ஒரு போலி முகவரியை வைத்துக்கொள்கின்றன. பெட்டியில் அச்சடித்ததைப் பதிய வேண்டாம், சேர்வரின் பதிவில் தெரிவதைப் பதியுங்கள்.

கடைசியாக கரண்ட். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தபோது எங்கள் லினக்ஸ் கணினி எழும்ப மூன்று நிமிடம் எடுத்தது, ரவுட்டர் அதற்கு முன்பே எழும்பிவிட்டது. யாரோ அதை ரீசெட் செய்ததில் அதன் சொந்த டிஎச்சிபி திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. மறித்து வைத்த அத்தனைக்கும் அதுவே முழு முகவரியைக் கொடுத்துவிட்டது. ஸ்னூப்பிங் இருந்தால், நம் சேர்வரைச் செருகி நம்பிக்கையானது என்று குறித்த போர்ட் தவிர வேறெங்கிருந்து வரும் பதிலையும் சுவிச் விடாது. ஆனால் சுவிச்சும் கரண்டோடு அட்டவணையை மறந்துவிடும். அதைச் சேமித்து வைக்கும்படி அமைத்து, சேர்வரையும் சுவிச்சையும் ஒரு யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

வகுப்புக்கு இது போதும் என்பது என் முடிவு. நோயாளர் விபரமோ காசுக் கணக்கோ இருக்கிற இடமென்றால் இதோடு நிற்க வேண்டாம், 802.1எக்ஸ் முறைக்குப் போங்கள். அதில் ஆளை அடையாளம் காணும்வரை போர்ட்டே திறக்காது.

அமைத்து முடித்ததும் பதியாத லப்டொப் ஒன்றை எடுத்து மூன்று விதமாகச் சோதியுங்கள்: சும்மா செருகிப் பாருங்கள், கையால் முகவரி தட்டிப் பாருங்கள், கரண்ட் மெயின் சுவிச்சை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள். எது உள்ளே விட்டது என்று கீழே எழுதினால், உங்கள் நெட்வேர்க் சுவிச்சின் மொடலையும் வைத்து மேலே சொல்கிறேன்.